பெயர் வெட்டுப்பட்ட மாத்திரை அட்டை

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம். லால்குடியில் அம்மாவுக்கு நீர்க்கடுப்பு. வெயில் காலத்தில் எங்கள் பக்கம் இது யாருக்கும் புதிதில்லை. இளநீர், நீர்மோர், ஊறவைத்த வெந்தயம் என்று இரண்டு நாள் பார்த்தாள். எரிச்சல் அடங்கவில்லை. மூன்றாம் நாள் மெடிக்கல் ஷாப்புக்குப் போய்ச் சொன்னாள். கடையில் பத்து மாத்திரை கொடுத்தார்கள். காலை ஒன்று, ராத்திரி ஒன்று, ஐந்து நாளைக்கு. ரெண்டாம் நாளே எரிச்சல் நின்றுவிட்டது. "நல்ல மாத்திரைடி, டக்குனு கேட்டுருச்சு" என்று என்னிடம் போனில் சொன்னாள்.

அது நல்ல மாத்திரைதான். அதை இப்போதும் மறுக்க மாட்டேன். ஆனால் அதே மாத்திரை அம்மாவைப் பத்தொன்பது நாள் மருத்துவமனையில் படுக்க வைத்தது. இன்றைக்கும் அவள் கண்ணில் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த நாட்களில் நான் தெரிந்துகொண்டதையெல்லாம் எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்தேன். எங்கள் வீட்டில் யாருக்காவது இதில் பாதி முன்பே தெரிந்திருந்தால், ஒன்றரை நாளை நாங்கள் வீணாக்கியிருக்க மாட்டோம்.

அம்மாவுக்கு அப்போது வயது 61. பி.பி.க்கு லோசார்டன், சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, ரெண்டும் பல வருஷமாக ஓடுகிறது. மாத்திரை ஆரம்பித்த நாலாம் நாள் மத்தியானம் உடம்பு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கியிருக்கிறது. ஒரு கைப்பிடி சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். வெயில் என்று விட்டுவிட்டோம். ஐந்து நாளில் மாத்திரை முடிந்தது. நீர்க்கடுப்பும் போனது. அதோடு எல்லோரும் அதை மறந்துவிட்டோம்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல். கண் எரிகிறது என்றாள், தொண்டை வலிக்கிறது என்றாள். வீட்டிலிருந்த பாரசிட்டமால் போட்டுக்கொண்டாள். அன்று ராத்திரி அவள் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு மறக்காது: "உடம்பெல்லாம் காந்துது." அரிக்கிறது என்று சொல்லவில்லை, காந்துகிறது என்றாள். தோலில் அப்போது ஒன்றுமே தெரியவில்லை. தொட்டால் கையைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் காலையில் நெஞ்சிலும் முகத்திலும் செம்புள்ளிகள். நடுவில் கருத்து, ஓரம் சிவந்து இருந்தன. உதடு வெடித்திருந்தது. பக்கத்து வீட்டிலிருந்த பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "அம்மை இறங்கியிருக்கு, மருந்து மாத்திரை எதுவும் குடுக்காதீங்க" என்றார். சித்திரை மாதம், காய்ச்சல், உடம்பெல்லாம் புள்ளி. யாருக்குத்தான் வேறு எண்ணம் வரும்? வாசலில் வேப்பிலை செருகினோம், தலைமாட்டில் வேப்பிலை வைத்தோம். பெரியம்மா அன்போடுதான் சொன்னார். நாங்களும் அன்போடுதான் செய்தோம். ஆனால் அம்மாவால் இளநீர்கூட விழுங்க முடியவில்லை. வாய்க்குள் முழுவதும் புண். அன்று சாயங்காலம் சிறுநீர் போகும்போது மறுபடி எரிச்சல் என்றாள். நீர்க்கடுப்பு திரும்பிவிட்டது என்று நினைத்தோம். அங்கேயும் புண் வந்திருந்ததை அவள் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை.

அம்மைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு டாக்டர் பிறகு எனக்கு விளக்கினார். சின்னம்மையில் நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள் ஒரு தொகுதி, மறுநாள் இன்னொரு தொகுதி என்று வரும், அரிக்கும். இந்த வியாதியில் அரிப்பைவிட வலியும் காந்தலும்தான் முன்னால் நிற்கும். கண், வாய், பிறப்புறுப்பு இவற்றில் ரெண்டு இடத்திலாவது ஒரே சமயத்தில் புண்ணாகும். தோலில் புள்ளி வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே காய்ச்சலும் கண் எரிச்சலும் வந்துவிடும். அம்மாவுக்கு எல்லாமே அந்த வரிசையில்தான் நடந்தது. அம்மையாகவே இருந்தாலும் டாக்டரிடம் காட்டுவதில் எந்தக் குற்றமும் இல்லை என்பதையும் அன்றுதான் பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் அழுதார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பதினோராம் நாள் விடியற்காலையில் தம்பி போன் பண்ணினான். ஜாக்கெட்டை மாற்ற உதவியபோது தோள்பட்டைத் தோல் துணியோடு வந்துவிட்டது என்றான். பழுத்த தக்காளியை வெந்நீரில் போட்டு எடுத்தால் தோல் வழுக்கிக்கொண்டு வருமே, அப்படி. திருச்சியில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுவரச் சொல்லிவிட்டு நானும் ஓடினேன்.

அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் அம்மாவின் வாயையும் கண்ணையும் பார்த்தார். தோலை விரலால் லேசாக ஓரமாகத் தள்ளிப் பார்த்தார். அடுத்த நொடி கேட்டது: "போன ஒரு மாசத்துல புதுசா என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?"

பி.பி. மாத்திரை, சர்க்கரை மாத்திரை, காய்ச்சலுக்கு பாரசிட்டமால் என்றேன். "அது பழசு. புதுசா?" ஒன்றுமில்லை என்றேன். அப்போது அது எனக்கு உண்மையாகவே தோன்றியது. முடிந்துபோன மாத்திரை என் கணக்கில் வரவே இல்லை. டாக்டர் விடவில்லை. "நிறுத்தின மாத்திரையும் கணக்குதான். நல்லா யோசிங்க. வலி மாத்திரை, ஃபிட்ஸ் மாத்திரை, ஆன்டிபயாடிக், நாட்டு மருந்து, எதுவானாலும் சொல்லுங்க." அம்மா வீங்கிய உதட்டோடு கையால் சைகை காட்டினாள். நீர்க்கடுப்பு.

தம்பி லால்குடிக்குத் திரும்பி ஓடினான். அம்மாவின் சுருக்குப்பையில் காலி அட்டை இருந்தது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். பதினைந்து மாத்திரை அட்டையில் பத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரையின் பெயர் கடையிலேயே தங்கிவிட்ட துண்டோடு போய்விட்டது. காலாவதித் தேதியும் இல்லை. பின்பக்க அலுமினியத்தில், மாத்திரையை அமுக்கி எடுத்த கிழிசல்களுக்கு நடுவே, பொடி எழுத்தில் ஒரு வரியின் கடைசி மட்டும் மிச்சம்: "...மெத்தாக்சசோல் 800 மில்லிகிராம்". டாக்டர் போனை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சல்பா" என்றார். ஒரு ஆன்டிபயாடிக் குடும்பத்தின் பெயர் அது. அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஸ்டீவன்ஸ்–ஜான்சன் என்று வியாதிக்குப் பெயர் சொன்னார். 1922-ல் ரெண்டு சிறுவர்களுக்கு வந்ததைப் பார்த்து எழுதிய ரெண்டு அமெரிக்க டாக்டர்களின் பெயர் அது. அம்மாவின் உள்ளங்கையை அளவாக வைத்து எத்தனை கையளவு தோல் பிரிந்திருக்கிறது என்று கணக்குப் போட்டார்கள். விரல்களோடு சேர்த்து ஒருவருடைய உள்ளங்கை, அவர் உடம்புத் தோலில் கிட்டத்தட்ட நூற்றில் ஒரு பங்கு. பத்துக்குள் இருந்தால் ஸ்டீவன்ஸ்–ஜான்சன். முப்பதைத் தாண்டினால் அதே வியாதியின் கொடிய வடிவம், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை. அம்மாவுக்குப் பதினைந்து. ரெண்டுக்கும் நடுவில் நின்றாள்.

ரத்தத்தில் பொட்டாசியம் 5.9. அது ஏறக்குறைய 5-ஐத் தாண்டாமல் நிற்க வேண்டும். இன்னும் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்றார்கள். அம்மா ஒரு நாளுக்கு மேலாகத் தண்ணீர்கூடக் குடிக்காததில் சிறுநீரகம் களைத்திருந்தது ஒரு காரணம். போட்டுக்கொண்ட மாத்திரையில் சல்பாவோடு டிரைமெத்தோபிரிம் என்று இன்னொரு மருந்தும் இருக்கிறது. அது சிறுநீரில் பொட்டாசியம் வெளியேறுவதைக் குறைக்கும். லோசார்டனும் அதையேதான் செய்யும். ரெண்டும் சேர்ந்தால் பொட்டாசியம் உடம்பிலேயே தங்கும். நாலாம் நாள் வேர்த்துக் கொட்டியதற்கும் அன்றுதான் காரணம் தெரிந்தது. கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரைகளோடு கோட்ரைமாக்சசோல், அதாவது சல்பாவும் டிரைமெத்தோபிரிமும் கலந்த அந்த மாத்திரை, சேர்ந்தால் சர்க்கரை ரொம்பக் கீழே இறங்கிவிடலாம். மெடிக்கலில், "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அம்மாவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது.

வார்டில் அம்மாவை வாழை இலையில்தான் படுக்க வைத்தார்கள். தோல் உரிந்த உடம்பு துணியில் ஒட்டிக்கொள்ளும், திருப்பும்போது இன்னும் உரியும். இலையில் ஒட்டாது, குளுமையாகவும் இருக்கும். தம்பி தினமும் அகலமான இலைகளாகப் பார்த்து வாங்கிவருவான். அதை அவர்களே சுத்தப்படுத்தி விரிப்பார்கள். கல்யாணப் பந்தியில் எத்தனையோ இலையில் சாப்பிட்டிருக்கிறேன். பச்சை இலை மேல் அம்மாவை அப்படிப் பார்த்தபோது வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரெண்டாம் நாள் நடந்ததை முக்கியமாகச் சொல்ல வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த ஒரு சிஸ்டர், தோல் உரிந்த இடத்தில் போட வெள்ளைக் களிம்பு ஒன்றை எடுத்து வந்தார். தீக்காயத்துக்கு எல்லா மருத்துவமனையிலும் போடும் களிம்பு. எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியிலேயே ஒரு டியூப் கிடக்கும். கையுறை போட்டு மூடியைத் திறந்துவிட்டார். பின்னாலிருந்து மூத்த சிஸ்டர், "அது வேணாம்மா, அதுலயும் சல்பா இருக்கு" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். களிம்பின் பெயர் சில்வர் சல்பாடயசின். எந்த மருந்து தோலை உரித்ததோ அதன் உடன்பிறப்பை உரிந்த தோலிலேயே தடவ இருந்தார்கள். இளையவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உரிந்த தோலைப் பார்த்தால் யாருக்கும் முதலில் தீக்காயம்தான் ஞாபகம் வரும். ஆனால் மாத்திரையின் பெயரை மட்டும் தெரிந்துவைத்தால் போதாது, அதன் குடும்பப் பெயரும் தெரிய வேண்டும் என்பது அந்த நிமிஷம் என் மண்டையில் ஏறியது.

கண் டாக்டர் தினமும் வருவார். இமையின் உட்பக்கமும் விழியும் புண்ணாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். மருந்து விட்டு, வழவழப்பான கண்ணாடிக் குச்சியால் இமைக்குள் மெதுவாக ஓட்டிப் பிரித்துவிடுவார். அம்மா என் கையை நசுக்குவாள். அந்தக் கண் டாக்டர் மட்டும் முதல் நாளிலிருந்தே வந்திருக்காவிட்டால் அம்மாவுக்கு இன்று பார்வை இருந்திருக்காது. இந்த வியாதி யாருக்காவது வந்தால், தோல் டாக்டரோடு கண் டாக்டரையும் அன்றைக்கே கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். தோல் சில வாரத்தில் வளர்ந்துவிடும். கண்ணில் விழுந்த தழும்பு அப்படியே தங்கிவிடும்.

ராத்திரிகளில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கும்போது பணியிலிருந்த இளம் டாக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேட்பேன். சலிக்காமல் சொல்வார். சல்பா எப்படி வேலை செய்கிறது என்பதை அவர் சொல்லித்தான் புரிந்துகொண்டேன்.

பாக்டீரியா பெருக வேண்டுமானால் ஃபோலேட் என்ற சத்து வேண்டும். அது இல்லாமல் புது மரபுப்பொருள் உருவாகாது. பல பாக்டீரியாக்களால் இதை வெளியிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. உள்ளேயே கட்ட வேண்டும். அதற்கு ஒரு சின்ன மூலப்பொருள் தேவை, பாபா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சல்பாவின் உருவம் அச்சு அசலாக அதைப் போலவே இருக்கும். கொத்தனார் கையில் செங்கல் மாதிரியே ஒன்றைக் கொடுக்கிறோம், ஆனால் அதில் கலவை பிடிக்காது என்று வையுங்கள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார், சுவர் எழாது. சல்பா பாக்டீரியாவைக் குத்திக் கொல்வதில்லை, பெருகவிடாமல் நிறுத்துகிறது. நின்றதை நம் உடம்பின் எதிர்ப்புசக்தி வந்து துடைத்துவிடுகிறது. கூட இருக்கும் டிரைமெத்தோபிரிம் அதே வேலையின் அடுத்த படியை அடைக்கிறது. ஒரே வழியில் ரெண்டு இடத்தில் கதவு சாத்தியாகிவிட்டதால் பாக்டீரியாவுக்குத் தப்பிக்க வழி குறைவு. அதனால்தான் மாத்திரையில் ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் ரெண்டையும் சேர்க்கிறார்கள். 400-க்கு 80, பெரிய மாத்திரையில் 800-க்கு 160.

நமக்கு ஏன் அது நடப்பதில்லை என்று கேட்டேன். "நாம அந்தச் சுவரையே கட்டுறதில்ல. கீரையில இருந்து ரெடிமேடா வாங்கிக்கிறோம்" என்றார். ஃபோலிக் அமிலத்துக்கு அந்தப் பெயர் வந்ததே இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்துதானாம். 1941-ல் பசலை வகைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தபோது வைத்த பெயர். கட்டி பழுத்துச் சீழ் கோத்த இடத்தில் சல்பா சரியாக வேலை செய்யாது என்பதற்கும் இதிலேயே காரணம் இருக்கிறது. சிதைந்த செல்களிலிருந்து அந்த மூலப்பொருளும் மற்றதும் அங்கே ஏராளமாகக் கிடைக்கும். நல்ல செங்கல் குவிந்து கிடக்கும்போது போலிச் செங்கல் எடுபடாது.

எனக்கு அந்த மருந்தின் மேல் கோபம் இருந்தது. அதைக் கொஞ்சம் தணித்தது இன்னொரு மகளின் கதை. ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர், 1932-ல் பிரான்டோசில் என்ற சிவப்புச் சாயம் எலிகளை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியிலிருந்து காப்பாற்றுவதைக் கண்டார். 1935-ல் அதை வெளியிட்டார். அந்த ஆண்டே அவருடைய சின்ன மகள் ஹில்டகார்ட் கையில் ஊசி குத்தி, புண் புரையோடி, கையையே எடுக்க வேண்டும் என்ற நிலைமை. அப்பா தன் மருந்தைக் கொடுத்தார். கையும் பிழைத்தது, மகளும் பிழைத்தாள். சாயத்துக்குள் ஒளிந்திருந்த சல்பானிலமைடுதான் வேலை செய்கிறது என்று பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் கண்டுபிடித்தார்கள். லண்டனில் லெனார்ட் கோல்புரூக் பிரசவக் காய்ச்சலுக்கு இதைக் கொடுத்து, செத்துப்போயிருக்க வேண்டிய தாய்மார்களைப் பிழைக்கவைத்தார். பென்சிலின் கைக்கு வருவதற்கு முந்தைய காலம் அது. 1939-ல் டோமாக்குக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். நாஜி அரசு வாங்கவிடவில்லை. 1947-ல்தான் பதக்கம் கைக்கு வந்தது.

அந்தக் கதையிலேயே ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. 1937-ல் அமெரிக்காவில் சல்பானிலமைடைக் குழந்தைகளும் குடிக்கும்படி இனிப்பு மருந்தாக்கினார்கள். கரைக்கப் பயன்படுத்தியது டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், அதில் பல குழந்தைகள், சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். விற்பதற்கு முன் மருந்து பாதுகாப்பானது என்று காட்டியாக வேண்டும் என்ற 1938-ம் வருஷத்துச் சட்டம் அதற்குப் பிறகு வந்ததுதான். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைப் பறித்த இருமல் மருந்திலும் அதே நச்சு இருந்ததாகப் படித்தபோது, அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்று தெரிந்தபோது, மனசு ஆறவே இல்லை.

சரி, இன்றைக்கும் சல்பா தேவையா என்றால், தேவைதான். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வரும் ஒருவகை நிமோனியாவுக்கு முதல் மருந்து கோட்ரைமாக்சசோல்தான். அது வராமல் தடுக்கவும் தினமும் கொடுக்கிறார்கள். மழைக்காலத்தில் மண்ணிலிருந்து தொற்றும் மெலியாய்டோசிஸ் நம் தென்னிந்தியாவிலும் இருக்கிறது. அது திரும்பி வராமலிருக்க மாதக்கணக்கில் கொடுப்பதும் இதையேதான். நீர்க்கடுப்புக்கும் கொடுக்கலாம். ஆனால் கிருமிகள் பல இடங்களில் இதற்குப் பழகிவிட்டதால், சிறுநீர்ப் பரிசோதனை செய்து கிருமி இதற்கு அடங்குகிறதா என்று பார்த்துக் கொடுப்பதுதான் முறை. அம்மாவுக்கு அந்தப் பரிசோதனை நடக்கவே இல்லை. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று அர்த்தம் என்பதுகூட எனக்கு அப்புறம்தான் தெரியும்.

சல்பா சாப்பிட்டாலே இப்படி ஆகும் என்று யாரும் பயந்துவிட வேண்டாம். ஸ்டீவன்ஸ்–ஜான்சன் எல்லா மருந்துகளையும் சேர்த்தே வருஷத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒரு சிலருக்குத்தான் வருகிறது. சல்பாவில் அடிக்கடி வருவது சாதாரணத் தடிப்பு, குமட்டல், வெயில் பட்டால் தோல் சிவப்பது. சிலருக்கு வெள்ளணு, தட்டணு குறையும், கல்லீரல் பாதிக்கும். சிறுநீரில் படிகமாகப் படியாமலிருக்க நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு இருப்பவர்களுக்கு ரத்தச் சிவப்பணு உடையும். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களிலும் பிரசவம் நெருங்கும்போதும் தவிர்ப்பார்கள், ரெண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுப்பதில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும், மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்களும் இதைச் சொல்லாமல் வாங்கவே கூடாது.

மோசமான ஒவ்வாமை ஏன் ஒருவருக்கு வருகிறது, இன்னொருவருக்கு வருவதில்லை? கல்லீரல் இந்த மருந்தை உடைக்கும்போது உண்டாகும் ஒரு துண்டு நம் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். சிலருடைய உடம்பு அதைச் சீக்கிரம் கழித்துவிடும், சிலருடையது மெதுவாக. ஒட்டிய புரதத்தை அந்நியன் என்று நினைத்து எதிர்ப்புச் செல்கள் சொந்தத் தோலையே தாக்கும். இது கூடிவர நாளாகும். பொதுவாக நாலாம் நாளிலிருந்து நாலு வாரத்துக்குள். மாத்திரை முடிந்தபிறகும் வரும். இந்த ஒன்று மட்டும் தெரிந்திருந்தால் ஒன்பதாம் நாள் ராத்திரியே அம்மாவை வண்டியில் ஏற்றியிருப்போம்.

மருத்துவமனையில் சேர்ந்த பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தாள். நகமெல்லாம் விழுந்து மறுபடி முளைத்தது. முதுகில் இன்னும் திட்டுத்திட்டாக நிறமாற்றம். கண்ணீர் சுரப்பது குறைந்துவிட்டது. சில இமைமுடிகள் உள்பக்கமாக வளைந்து விழியில் குத்தும். ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை போய் எடுத்துவிட்டு வர வேண்டும்.

வீட்டுக்கு வந்தபிறகு குழப்பம் வேறு மாதிரி ஆரம்பித்தது. சல்பா என்றால் சல்ஃபர்தானே, கந்தகம்தானே என்று மாமா கேட்டார். வெங்காயம், பூண்டு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். அம்மாவும் பயந்து நிறுத்திவிட்டாள். அடுத்த முறை போனபோது டாக்டர் பொறுமையாக விளக்கினார். கந்தகம் நம் உடம்பின் புரதத்திலேயே இருக்கிறது, அதற்கு ஒவ்வாமை என்று ஒன்றில்லை. ரத்தசோகைக்குக் கொடுக்கும் இரும்பு மாத்திரையில் வரும் சல்பேட் வேறு. உலர்பழத்தில் போடும் சல்ஃபைட் வேறு. கிளிமிபிரைடின் வகைப் பெயரிலும் சல்போனைல் என்று வருகிறதே என்று நான் நடுங்கிப்போய்க் கேட்டேன். வீட்டில் அதை ரெண்டு நாளாகக் கொடுக்காமல் வைத்திருந்தேன். "எத்தனை வருஷமா சாப்பிடுறாங்க? ஒண்ணும் ஆகலைல்ல? அதைத் தொடருங்க. இனிமே கேக்காம எதையும் நிறுத்தாதீங்க" என்றார். நீர் பிரியக் கொடுக்கும் ஃப்யூரோசெமைடு போன்றவற்றிலும் சல்பா அமைப்பு இருக்கிறது. ஆனால் ஆன்டிபயாடிக் சல்பாவில் வம்பு செய்கிற அந்தப் பகுதி அவற்றில் இல்லை. கவனமாகப் பார்த்துக் கொடுப்பார்கள். வாழ்நாள் முழுக்கக் கூடாதவை சல்பா ஆன்டிபயாடிக்குகளும், அந்த உறவில் வரும் சிலவும்தான். மாத்திரையில், களிம்பில், கண் சொட்டு மருந்தில், எந்த வடிவில் வந்தாலும் கூடாது. லேசான தடிப்பு வந்தவர்களுக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கும் முறை உண்டு. தோல் உரிந்தவர்களுக்கு அதுவும் கிடையவே கிடையாது.

டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதைத் தமிழிலும் எழுதச் சொல்லி வாங்கி, ரேஷன் கார்டு அளவில் லேமினேட் செய்து அம்மாவின் சுருக்குப்பையில் ஒன்று, என் பர்ஸில் ஒன்று, தம்பியிடம் ஒன்று. மருந்தின் பெயர், குடும்பப் பெயர், என்ன ஆனது, எந்த வருஷம், தவிர்க்க வேண்டியவை. வெறுமனே "சல்பா அலர்ஜி" என்று எழுதாமல் என்ன ஆனது என்று எழுதவைத்ததற்குக் காரணம் உண்டு. எப்போதோ ஒரு வாந்தி வந்ததைக்கூட அலர்ஜி என்று எழுதிவைத்திருப்பார்கள். உயிர்காக்க இதே மருந்து தேவைப்படும்போது அந்த ஒரு வார்த்தை குறுக்கே நிற்கும். அம்மாவுக்கு நடந்ததை மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் தெரிவித்தோம். நோயாளி வீட்டாரே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். எனக்கு இது அதுவரை தெரியாது.

சீட்டு ஒரு வருஷத்திலேயே வேலைக்கு வந்தது. அம்மாவுக்கு விரல் மூட்டுகள் வீங்கி, முடக்குவாதம் என்று சொன்னார்கள். புது டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டிருந்தார். அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சீட்டை மேசையில் வைத்தாள். அவர் படித்தார். எழுதியதில் ஒரு வரியை அடித்தார். சல்பாசலசின். மூட்டுவாதத்துக்கும் பெருங்குடல் புண்ணுக்கும் கொடுப்பது, உடம்புக்குள் போய் சல்பாவாகப் பிரிவது. "நல்லவேளை காட்டினீங்க" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் வராது, ஆனாலும் எனக்குத் தெரிந்தது.

போன வாரம் அவளோடு மெடிக்கலுக்குப் போயிருந்தேன். பாரசிட்டமால் ஐந்து மாத்திரை கேட்டாள். கடைப்பையன் அட்டையை எடுத்துக் கத்தரிக்கோலை வைத்தான். அம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"தம்பி, பேரு இருக்குற பக்கத்தை எனக்குக் குடுப்பா. தேதியும் அதுலயே இருக்கணும்."

பையன் அட்டையைத் திருப்பிப் பிடித்து வெட்டினான்.